கரையில் நிறுத்தப்பட்டவன்

ஈகை பல வகைப்படும். பொருளை ஈவது ஒரு வகை. பொழுதை ஈவது மற்றொரு வகை. முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் காப்பதற்காகத் தன் உயிரையே இடருக்கு உட்படுத்துவது எல்லாவற்றினும் உயர்ந்த வகை. ஏதோ ஒரு நொடியில், உள்ளத்தின் உந்துதலால், தனி மனிதர் ஒருவர் அவ்வாறு செய்துவிடலாம். ஆனால் ஓர் ஊரே அதனைத் தன் கடமையாக ஏற்று, தலைமுறை தலைமுறையாக, ஊதியம் கருதாமல் செய்து வருவதென்றால் அதற்கு வெறும் துணிவு மட்டும் போதாது. அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும், பயிற்சி வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் வந்து நிற்கும் மரபு வேண்டும். அத்தகைய மரபுடைய ஒரு கடற்கரை ஊரைப் பற்றி, குறிப்பாக அவ்வூரின் உயிர்காப்புப் படகு நிலையத்தைப் பற்றி, ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்துகொள்வது நலம் என்று எண்ணுகிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிய கால் போலக் கிடக்கிறது கார்ன்வால் மாவட்டம். அதன் தென்கரையில் மவுன்ட்ஸ் விரிகுடா உள்ளது. விரிகுடாவின் மேற்கு ஓரத்தில் பென்சான்ஸ், நியூலின், மௌசல் என்னும் மூன்று ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவற்றுள் மௌசல் மிகச் சிறியது. எழுத்தில் பார்த்தால் அதன் பெயர் ‘எலி வளை’ என்று பொருள்படும். கல் வீடுகள் நெருங்கிய குறுகிய தெருக்களும், அலைதடுப்புச் சுவர்களுக்கு இடையே ஒரு சிறு துறைமுகமுமே அவ்வூர். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழையும் கப்பல்கள் அப்பகுதியைக் கடந்தே செல்ல வேண்டும். குளிர்காலப் புயல்களோ பெருங்கடலிலிருந்து தடையின்றி வந்து அக்கரையின் பாறைகளில் மோதும். ஆதலால் கப்பல் உடைவது அங்கே கதையன்று. ஊர்க் கல்லறைகள் சொல்லும் செய்தி.

கடலில் தவிப்போரைக் காப்பதற்கென நாடு தழுவிய ஓர் அமைப்பு வேண்டும் என்று முதன்முதலில் குரல் எழுப்பியவர் சர் வில்லியம் ஹிலரி. மான் தீவில் வாழ்ந்த அவர், தம் கண்ணெதிரே கப்பல்கள் உடைவதைக் கண்டு மனம் நொந்து, 1823ஆம் ஆண்டில் பிரித்தானிய மக்களுக்கு ஒரு வேண்டுகோள் நூலை வெளியிட்டார். அதன் பயனாக 1824 மார்ச் 4ஆம் நாள் இலண்டனில் கூடிய கூட்டத்தில் அந்த அமைப்பு உருவாயிற்று. 1854இல் அது ‘அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம்’ என்ற பெயரைப் பெற்றது. ஹிலரி எழுதிவிட்டு ஓய்ந்தவர் அல்லர். 1830இல், 59 அகவையில், செயிண்ட் ஜார்ஜ் என்ற கப்பலின் பணியாளரைக் காக்கத் தாமே படகேறிச் சென்றார். அலை அவரைக் கடலில் வீசியது. விலா எலும்புகள் முறிந்தன. ஆயினும் கப்பலில் இருந்த அனைவரும் கரை சேர்ந்தனர். பிறரைப் பார்த்துச் ‘செய்’ என்று சொல்வதற்கு முன் தாம் செய்து காட்டியவர் அவர்.

இந்நிறுவனத்தின் தனித்தன்மை, அது அரசாங்கத் துறையாக இல்லாமல் மக்கள் நன்கொடையால் நடைபெறுவதாகும். படகோட்டிகளுள் மிகப் பெரும்பாலோர் தொண்டூழியர். பொறியாளர் முதலிய சிலரே ஊதியம் பெறுபவர். 1886ஆம் ஆண்டு டிசம்பரில், மெக்சிகோ என்னும் கப்பலைக் காக்கச் சென்ற இரண்டு படகுகளைச் சேர்ந்த 27 பேர் ஒரே இரவில் மாண்டனர். அவர்தம் குடும்பங்களின் துயர் கண்டு உருகிய சார்ல்ஸ் மக்காரா என்பவர், 1891இல் மான்செஸ்டர் நகரத் தெருக்களில் பொதுமக்களிடம் உண்டியல் ஏந்திப் பணம் திரட்டும் இயக்கத்தை நடத்தினார். செல்வர் சிலரின் கொடையை மட்டும் நம்பியிருந்த அறப்பணி, அன்று முதல் தெருவில் நடப்போர் அனைவருக்கும் உரியதாயிற்று. கடலுக்குப் போக இயலாதவரும் ஒரு காசு இட்டு அப்படகில் ஓர் இடம் பெற்றனர் எனலாம். இந்நிறுவனம் தொடங்கிய நாள்முதல் இதுவரை காத்த உயிர்கள் 140,000க்கும் மேல்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட நிலையத்திற்கு வருவோம். கார்ன்வால் மாவட்டத்தின் முதல் உயிர்காப்புப் படகு 1803இல் பென்சான்ஸ் நகருக்காக வாங்கப்பட்டது. ஆனால் வரலாறு வியப்பானது. அப்படகு ஒருமுறையேனும் பயன்படாமலேயே, 1812இல் கடனுக்காக விற்கப்பட்டுவிட்டது! படகு இருந்தது, அதை ஏந்தி நிற்கும் அமைப்பு இல்லை. கருவி வாங்குவது எளிது. அதைச் சுற்றி ஒரு மரபை வளர்ப்பதே அரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? நிறுவனத்தின் சார்பில் முறையான நிலையம் 1853இல் பென்சான்சில் அமைந்தது. 1908இல் அது நியூலினுக்கும், 1913இல் மௌசலுக்கு அருகிலுள்ள பென்லீ முனைக்கும் மாறியது. அன்று முதல் ‘பென்லீ நிலையம்’ என்பதே அதன் பெயர்.

பென்லீ முனையில் பாறைகளுக்கு நடுவே ஒரு படகு வீடு கட்டினர். அதன் வாயிலிலிருந்து கடலுக்குள் இறங்கும் செங்குத்தான சறுக்குத் தடம் ஒன்றை அமைத்தனர். கட்டு அவிழ்க்கப்பட்டதும், படகு தன் எடையாலேயே சறுக்கி விரைந்து கடலுக்குள் பாயும். ஒருமுறை இறங்கிவிட்டால் புயல் தணியும்வரை மீண்டும் அத்தடத்தில் ஏற்றுவது அரிது. அழைப்பு வந்தால், ஊரார் உணவுத் தட்டையும் வலையையும் கடைப் பெட்டியையும் விட்டுவிட்டுப் படகு வீட்டை நோக்கி ஓடுவர். யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. வந்தவர்களுள் யார் யார் ஏறுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை படகின் சுக்கானி ஒருவருக்கே உண்டு. சுக்கான் பிடிப்பவர் என்பதால் மட்டும் அவர் தலைவர் அல்லர்; எட்டு உயிர்களுக்கும் பொறுப்பேற்பவர் என்பதால் தலைவர்.

அந்நிலையத்தின் ஏடுகளைப் புரட்டினால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். 1936 ஜனவரியில் டேகிரெய்க் என்னும் கப்பலிலிருந்து ஒன்பது பேரைக் காத்துப் பதக்கம் பெற்றவர் சுக்கானி பிராங்க் பிளூவெட். 1947 ஏப்ரலில், இரண்டு உலகப் போர்களையும் கண்ட வார்ஸ்பைட் என்னும் போர்க்கப்பல், உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்படும் வழியில் புயலில் சிக்கி அவ்விரிகுடாவின் பாறைகளில் ஏறி நின்றது. அதிலிருந்த எண்மரையும் மீட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றவர் சுக்கானி எட்வின் மாட்ரன். 1975இல் லோவட் என்னும் கப்பலுக்கு உதவச் சென்ற பணிக்காக வெண்கலப் பதக்கம் பெற்றவர் சுக்கானி டிரெவெல்யன் ரிச்சர்ட்ஸ். பிளூவெட், மாட்ரன், ரிச்சர்ட்ஸ் என்னும் இம்மூன்று குடும்பப் பெயர்களையும் நினைவில் கொள்க. இவை மூன்றும் ஒரே படகில் ஏறிய இரவு ஒன்று வந்தது.

அது 1981 டிசம்பர் 19. யூனியன் ஸ்டார் என்னும் புத்தம் புதிய சரக்குக் கப்பல், தன் முதற் பயணத்தில், நெதர்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு உரம் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தது. கப்பல் தலைவரின் மனைவியும் அவருடைய இரு பெண்மக்களும் கிறித்துமசை ஒன்றாகக் கொண்டாட எண்ணிக் கப்பலில் ஏறியிருந்தனர். எல்லாருமாக எட்டுப் பேர். எரிபொருளில் கடல்நீர் கலந்ததால் இயந்திரம் நின்றுவிட்டது. காற்றோ சூறாவளி வேகத்தில் அடித்தது. அலைகள் 60 அடி வரை எழுந்தன. செயலற்ற கப்பலைக் காற்று கார்ன்வால் கரையின் பாறைகளை நோக்கித் தள்ளியது.

முதலில் கடற்படையின் ஹெலிகாப்டர் ஒன்று பறந்து வந்தது. கப்பலின் பாய்மரத்தூண் காற்றில் சுழன்றாடியதால் கயிறு இறக்கி ஒருவரைக்கூடத் தூக்க இயலவில்லை. பென்லீ நிலையத்திற்கு அழைப்புச் சென்றது. பன்னிருவர் வந்து நின்றனர். அவர்களுள் எழுவரைத் தேர்ந்துகொண்டார் ரிச்சர்ட்ஸ்.

வந்து நின்றவர்களுள் 17 அகவை இளைஞன் ஒருவன் இருந்தான். பெயர் நீல் பிராக்மன். அவன் தந்தை நைஜல் பிராக்மன் ஏற்கெனவே தேர்வு பெற்றுவிட்டார். மகனும் ஏற முனைந்தான். சுக்கானி மறுத்துவிட்டார். இத்தகைய இரவில் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போதும் என்பது அவர் முடிவு. இளைஞன் கரையில் நின்றான். இரவு 8.12க்குச் சாலமன் பிரௌன் என்னும் அப்படகு சறுக்குத் தடத்தில் இறங்கி இருளுக்குள் பாய்ந்தது.

அந்தப் படகு 1960இல் கட்டப்பட்ட மரப்படகு. நீளம் 47 அடி. வேகம் மணிக்கு ஒன்பது கடல் மைல். அதில் சென்ற எண்மர் யார்? பெரும்பாலோர் மீனவர். ஜான் பிளூவெட் தொலைபேசிப் பொறியாளர். சார்ல்ஸ் கிரீன்ஹா மௌசலில் விடுதி நடத்தியவர். இரண்டு நாள் முன்புதான் ஊரின் கிறித்துமஸ் விளக்குகளை ஏற்றி வைத்தவர். படகின் பொறியாளர் ஸ்டீவன் மாட்ரன். இருவர் 22, 23 அகவையினர். சுக்கானி ரிச்சர்ட்சுக்கு 56. மறுநாள் காலையில் தெருவில் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத எளிய மனிதர்கள்.

அவர்கள் கப்பலின் அருகே படகைக் கொண்டு சென்றனர். அலை படகைத் தூக்கிக் கப்பலின் மேல்தளத்திலேயே போட்டது. படகு மீண்டும் கடலில் சரிந்து விழுந்தது. அவர்கள் விலகிச் செல்லவில்லை. மறுபடி நெருங்கினர், மறுபடியும் நெருங்கினர். இறுதியில் நால்வரைப் படகில் ஏற்றிவிட்டதாகக் கரைக்கு வானொலியில் தெரிவித்தனர். மேலே பறந்த ஹெலிகாப்டர் தன்னால் ஆவது இனி எதுவுமில்லை என்று திரும்பியது. படகு எஞ்சியவர்களுக்காக இன்னும் ஒருமுறை கப்பலை நெருங்கியது. சில நிமிடங்களுக்குப்பின் அதன் விளக்குகள் மறைந்தன. பிற நிலையங்களின் படகுகளும் புறப்பட்டன. ஆயினும் அக்கடல் அவற்றை அணுகவிடவில்லை. கப்பலில் எட்டு, படகில் எட்டு எனப் பதினாறு உயிர்கள் அன்றிரவு போயின. சிலருடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டரை ஓட்டியவர் பரிமாற்றத் திட்டத்தில் பணியாற்றிய அமெரிக்கக் கடற்படை விமானி. தாம் கண்ட துணிவுகளுள் தலைசிறந்தது அதுவே என்று அவர் பின்னர் எழுதினார். ரிச்சர்ட்சுக்குத் தங்கப் பதக்கமும் மற்ற எழுவருக்கும் வெண்கலப் பதக்கங்களும் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டன.

இதுவரை சொன்னது வீரத்தின் வரலாறு. இதற்குமேல் நடந்ததே என்னை மிகவும் சிந்திக்க வைத்தது.

எண்மரை இழந்த ஊர் என்ன செய்யும்? ‘போதும் இந்தத் தொண்டு’ என்று படகு வீட்டின் கதவைச் சாத்தியிருந்தால் உலகம் அவர்களைக் குறை கூறியிராது. ஆனால் ஒரு நாள் கழிவதற்குள், புதிய குழு ஒன்றை அமைப்பதற்குப் போதுமான பேர் மௌசலில் முன்வந்துவிட்டனர். அணைக்கப்பட்டிருந்த கிறித்துமஸ் விளக்குகள், விடுதிக்காரரின் மனைவி விரும்பியபடி மீண்டும் ஏற்றப்பட்டன. நாடெங்கும் மக்கள் அனுப்பிய உதவித்தொகை 30 இலட்சம் பவுண்டைக் கடந்தது. அதற்கு வரி விதிக்கும் எண்ணம் எழுந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். 1983இல் நிலையம் நியூலின் துறைமுகத்திற்கு மாறியது. வேகமும் வலிமையும் மிக்க புதிய படகு வந்தது. ஊர் மாறியும் ‘பென்லீ’ என்ற பெயரை மாற்றவில்லை. பழைய படகு வீடும் சறுக்குத் தடமும் நினைவிடமாகப் பேணப்படுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 19ஆம் நாள் இரவு மௌசலின் வண்ண விளக்குகள் அணைக்கப்பட்டு, ஊர் சிறிது நேரம் இருளில் அமைதி காக்கிறது.

கரையில் நின்ற அந்த இளைஞன்? அவன் பின்னர் அதே நிலையத்தின் குழுவில் சேர்ந்தான். ஆண்டுகள் சென்றபின் அவரே பென்லீ படகின் சுக்கானி ஆனார். தந்தையை விழுங்கிய கடலுக்கே, தந்தை செய்த பணிக்காகவே, குழுவை வழிநடத்திச் சென்றார்.

இவ்வரலாற்றை நான் ஒருமுறை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கூறினேன். துணிவு, தியாகம், தொண்டு என்று நான் எதிர்பார்த்த சொற்களை எல்லாம் அவர்கள் சொன்னார்கள். எப்போதும் அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு மாணவி மட்டும், “ஐயா, அந்த அண்ணனும் துணிச்சலாகத்தானே வந்தார்? அவரை ஏன் ஏற்றிக்கொள்ளவில்லை? அவருக்கு அவமானமாக இருந்திருக்காதா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. எட்டுப் பேரின் துணிவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எனக்கு, ஒன்பதாமவனின் நிலையை அவள் காட்டினாள். “அவர் சிறுவர் என்பதற்காக மட்டும் இல்லையம்மா. அப்பா போகிறார், மகன் அம்மாவோடு இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. எல்லாரும் போய்விட்டால் நாளைக்குப் படகை யார் எடுப்பார்கள்?” என்றேன். அவள் சற்று எண்ணிப் பார்த்து, “அப்படியென்றால் நிற்பதும் வேலைதானா ஐயா?” என்றாள். ஆம், நிற்பதும் வேலைதான்.

அன்றிரவு சுக்கானி ரிச்சர்ட்ஸ் இரண்டு முடிவுகளை எடுத்தார். ஒன்று, தாம் போவது. மற்றொன்று, அவனைப் போகவிடாமல் நிறுத்துவது. முதல் முடிவுக்காக உலகம் பதக்கம் அளித்தது. இரண்டாம் முடிவுக்குப் பதக்கம் இல்லை. ஆயினும் அந்த முடிவினால் ஒரு தாய்க்கு மகன் எஞ்சினான். ஒரு நிலையத்திற்கு வருங்காலச் சுக்கானி எஞ்சினார். கொந்தளிக்கும் கடலின் முன் நின்றுகொண்டு, ஆள் மிகுந்தால் நல்லது என்று எண்ணாமல், எவரை விட்டுச் செல்ல வேண்டும் என்று எண்ணிப் பார்த்தாரே, அங்கேதான் தலைமை இருக்கிறது. துணிவுக்கு அளவு காட்டும் அறிவு அது.

ஒப்புரவு என்பதை வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே பெயராக்கினார். ஊரோடு இசைந்து, ஊருக்கு வேண்டியதைச் செய்யும் பண்பு அது. தனியொருவரின் வள்ளன்மை அவரோடு முடிந்துவிடலாம். ஒப்புரவோ ஊரின் இயல்பாக மாறி, ஆள் மாறினும் தான் மாறாமல் நிற்பது. 1803இல் வாங்கிய படகு பயன்படாமல் போனதற்கும், 1981இல் படகே போனபின்பும் நிலையம் நிலைத்ததற்கும் இடையே உள்ள வேறுபாடு இந்த ஒப்புரவே.

இதை நான் ஏன் ஆசிரியர்களுக்கு எழுதுகிறேன்? நம் தமிழ்ப்பள்ளிகளுள் பலவும் இப்படித்தான் எழுந்தன. தோட்டத்துப் பாட்டாளிகள் கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசும், மாலை வேளைகளில் ஊதியம் எதிர்பாராமல் வகுப்பெடுத்தவர்களின் உழைப்பும் அவற்றின் அடித்தளத்தில் கிடக்கின்றன. அவர்களைப் போற்றிப் பேச நாம் தயங்குவதே இல்லை. விழா மேடைகளில் அவர்கள் பெயரைச் சொல்கிறோம், மாலை சூட்டுகிறோம். ஆனால் அவர்கள் விட்ட இடத்தில் நிற்பதற்கு யாரைப் பழக்கினோம் என்ற கேள்வி வரும்போது நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. மொழிக் கழகமா, நாடகப் பயிற்சியா, பரிசளிப்பு விழாவா, எல்லாவற்றையும் ஓரிருவரே தோளில் சுமக்கின்றனர். அவர்கள் மாற்றலாகிச் சென்றால் அந்த நற்பணி அவர்களோடு பெட்டி கட்டிக்கொண்டு போய்விடுகிறது.

எனக்குப் பணி ஓய்வு நெருங்குகிறது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் வகுப்பில் நுழைவது எப்படி, பாடத்தைத் தொடங்குவது எப்படி, கரும்பலகையைப் பயன்படுத்துவது எப்படி என்றெல்லாம் எங்களுக்குக் கற்பித்தார்கள். விடைபெறுவது எப்படி என்று ஒரு பாடம் இருந்ததாக நினைவில்லை. என் பள்ளியில் இளம் ஆசிரியர்கள் சிலர் உள்ளனர். ஆர்வத்தோடு முன்வந்து நிற்கும் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், எந்தச் சுமையை இன்றே இவர்கள் தோளில் ஏற்றலாம், எதற்கு இன்னும் சில காலம் காத்திருக்கச் செய்யலாம் என்று எண்ணுகிறேன். எளிய கேள்வி போலத் தோன்றும். ஆயினும், ஒரு பள்ளியின் அடுத்த இருபது ஆண்டுகள் அதன் விடையில் அடங்கியுள்ளன.

மாணவர்களுக்கும் ஒரு சொல். போட்டிக்கும் மேடைக்கும் தேர்வு பெறாமல் ஓரமாக நிறுத்தப்படும் நாள் ஒவ்வொருவர் வாழ்விலும் வரும். நிறுத்தப்பட்டவர் எல்லாரும் ஒதுக்கப்பட்டவர் அல்லர். சிலர் பாதுகாக்கப்பட்டவர்கள், சிலர் நாளைக்கென வைக்கப்பட்டவர்கள். அந்த நாள் வரும்போது பயிற்சியோடு நிற்கிறோமா என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

புயல் எந்த நாளில் வரும் என்று யாரும் முன்கூட்டி அறியமாட்டார். நியூலின் துறைமுகத்தில் பென்லீ படகு இன்றும் ஆயத்தமாக மிதக்கிறது. அழைப்பு வந்ததும் ஓடிவரச் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், தம் முறைக்காகக் கரையில் நின்று கற்றுக்கொண்டிருக்கும் இன்னும் சிலரும் இருக்கிறார்கள். ஒரு நற்பணிக்கு இதைவிட உறுதியான காப்பு வேறு எதுவும் இல்லை.